மலாக்காவிற் கண்ட கல்முனை

கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் மாணவனுக்கு வாரத்தின் ஐந்து நாள்கள் எப்படியோ கழிந்துவிடுகின்றன. விரிவுரை மண்டபம், நூல்நிலையம், உணவுச்சாலை, அறை என்று பழகிய வழியிலே கால்கள் தாமாகவே செல்லும். சனிக்கிழமை விடிந்தால்தான் பிறநாடு பிறநாடாக அவன் முன்னே நிற்கும். ஊரில் இந்நேரம் வாப்பா சந்தையிலிருந்து திரும்பியிருப்பார், உம்மா பிட்டு அவித்துக்கொண்டிருப்பார் என்னும் நினைவு வந்து மனத்தை வருத்தும்.

இந்த வெறுமையைப் போக்கவே ஒரே நாட்டு மாணவர்கள் ஒன்றுகூடிக் கையிலுள்ள பணத்தைச் சேர்த்து, வாடகை வண்டி ஒன்றைப் பிடித்துப் பக்கத்து நகரமொன்றைப் பார்த்துவரப் புறப்படுகிறார்கள். பார்ப்போர் இதனை உல்லாசப் பயணம் என்பர். உண்மையில் அங்கே நிகழ்வது வேறு. நகரத்தைக் காணச் சென்றவர்கள் ஒருவரையொருவர் கண்டு திரும்புகிறார்கள். சொந்த மண்ணிலே காணக் கிடைக்காத சொந்த நாட்டானை அந்நிய மண்ணிலே காண்கிறார்கள். இதனைப் பேறு என்பதா, குறை என்பதா? ஆசிரியர்களும் மாணவர்களும் இதுபற்றிச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

முன்னோர் சென்ற வழி

இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1920களின் பிற்பகுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் இலண்டனிலே பயின்ற இலங்கை மாணவர் சிலர் அங்கே கூடிப் பேசிய பேச்சு, அவர்கள் நாடு திரும்பிய பின் 1935ஆம் ஆண்டில் லங்கா சமசமாஜக் கட்சியாக உருவெடுத்தது. என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி. சில்வா முதலியோரை ஒருவரோடொருவர் பிணைத்ததில் அந்நிய நகரத்துக் குளிருக்கும் பங்குண்டு.

நமது கரைக்கு அண்மையான எடுத்துக்காட்டும் உண்டு. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்து, 1934ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்று, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமாக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டில், உணவு உற்பத்திப் பணியின் பொருட்டுக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். கல்முனையின் வயல்களை மட்டும் அவர் பார்க்கவில்லை, பள்ளிக்கூடங்களையும் பார்த்தார். ஏழை மாணவரின் நிலை அவர் உள்ளத்தைத் தைத்தது. அங்கே முளைத்த எண்ணமே 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விளைந்தது. அக்காலத்திலேயே காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கடல் கடந்து சென்றவர் அடிகளார். கடல் கடந்து மீண்ட இருவர், மதத்தால் வேறுபட்ட இருவர், கல்முனைக் கரையிலே நண்பராயினர். அன்று அது நம் ஊரிலேயே நடந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அடுத்தடுத்த ஊர்கள்

அம்பாறைக் கரையை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். பெரியநீலாவணையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் ஊர்கள் சரத்திற் கோத்த பூக்கள்போல் நெருங்கிக் கிடக்கின்றன. மருதமுனை முஸ்லிம் ஊர், அதனை ஒட்டிய பாண்டிருப்பு தமிழூர், அடுத்துக் கல்முனை, பின்னர்க் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும், மறுபடியும் தமிழூராகிய காரைதீவு, அதற்கப்பால் நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள். எல்லோர்க்கும் மொழி தமிழே. தாய்வழி வரும் குடி வழக்கு இரு சமூகத்தாரிடமும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருபாலார்க்கும் பொதுவே.

இத்துணை பொதுமை இருந்தும் 1980களின் நடுப்பகுதி முதல் அச்சமும் குருதியும் ஊர்களுக்கிடையே புகுந்தன. 1990ஆம் ஆண்டு இரு சமூகத்தார்க்கும் ஆறாத வடுக்களை இட்டுச் சென்றது. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னரும் மனத்தின் வேலிகள் விழவில்லை. 2019ஆம் ஆண்டில் கல்முனையிலே பிரதேச செயலகமொன்றைத் தரம் உயர்த்துவது பற்றி ஒரு சாரார் உண்ணாநோன்பு இருக்க, மறு சாரார் எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தனர். தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கும், முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பள்ளிக்கும், மேற்கே அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளை சிங்களப் பள்ளிக்கும் செல்வதால், பதினெட்டு வயது வரையில் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாமலே போகின்றது.

நான் மருதமுனையிற் பிறந்தவன். தறியோசை கேட்டு வளர்ந்தவன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக் காலத்திலே பறையொலி எங்கள் வீட்டு முற்றம் வரையில் கேட்கும். ஆனால் பாண்டிருப்பிலே எனக்கு நண்பன் என்று ஒருவன் இருந்ததில்லை. முதல் நண்பன் கிடைத்தது இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்.

வண்டியினுள் ஓர் இலங்கை

கோலாலம்பூரை அடுத்த கொம்பாக்கிலே, 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நான் பயின்ற காலம் அது. 2016ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை, அந்நகரின் பல்வேறு கல்லூரிகளிலிருந்தும் இலங்கை மாணவர் பதினால்வர் சேர்ந்து, தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலாக்காவுக்கு வான் ஒன்றிற் புறப்பட்டோம்.

வண்டியில் நாங்கள் அமர்ந்த முறையைச் சொன்னாற் போதும். இலங்கையின் படம் தெரிந்துவிடும். காலி, குருநாகல் நண்பர்கள் முன்னே. யாழ்ப்பாணத்தாரும் ஹட்டன் தோட்டத்து நண்பரும் பின்னே. முஸ்லிம் மாணவர் நடுவே. ஒருவருக்கொருவர் பேச ஆங்கிலம் தேவைப்பட்டது. ஒரே தீவிற் பிறந்தவர்கள் நலம் விசாரிக்கவும் மூன்றாம் மொழியைக் கடன் வாங்கினோம்.

சிரம்பான் நகரைக் கடந்ததும் எவரோ இருக்கையைத் தட்டிப் பைலாப் பாட்டொன்றைத் தொடங்கினார். இலங்கையிற் சுற்றுலா வண்டி ஏறியவர்களுக்கு அதன் மாயம் தெரியும். பாட்டின் சொல் எல்லோர்க்கும் தெரியாது. தாளம் தெரியாதவர் எவருமில்லை. போர்த்துக்கேயர் வழி வந்த அத்தாளத்திலே முன் இருக்கையும் பின் இருக்கையும் முதன்முறையாக ஒன்றாகச் சிரித்தன.

அப்போதுதான் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் கேட்டார்: “நீங்க எவ்விடம்?”

“கல்முனைப் பக்கம். மருதமுனை.”

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். “நான் பாண்டிருப்பு” என்றார்.

அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லாமையால் அன்று. எங்கே தொடங்குவது என்று தெரியாமையால்.

கோட்டையும் கோயிலும்

மலாக்கா ஒரு பழைய துறைமுகம். சுல்தான்கள் ஆண்ட அந்நகரை 1511ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரும், 1641இல் ஒல்லாந்தரும் கைப்பற்றினர்; பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இவ்வரிசையைக் கேட்டதும் எங்களுள் ஒருவர், “இது எங்கள் ஐந்தாம் வகுப்புப் பாடமல்லவா?” என்று நகைத்தார். மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது 1638இல், காலி 1640இல், மலாக்கா அதற்கடுத்த ஆண்டில். ஒரே வணிகக் கம்பனியின் கப்பல்கள் இரு கரைகளிலும் நங்கூரமிட்டன.

நகரச் சதுக்கத்திலே ஒல்லாந்தர் மாளிகையும் 1753இல் முற்றுப்பெற்ற கிறிஸ்து தேவாலயமும் செந்நிறத்தில் நிற்கின்றன. சிவப்புச் சாயம் பிற்காலத்தது. சுவரின் பருமனோ அந்நாளையது. காலி நண்பர் அச்சுவரைத் தடவிப் பார்த்து, தம் ஊர்க் கோட்டைக்குள் 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாண நண்பர் தம் ஊர்க் கோட்டையைச் சொன்னார். போர்த்துக்கேயர் இங்கே கட்டிய பெருங்கோட்டையை 1807ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். வாயில் ஒன்றே எஞ்சியிருக்கிறது. அதன் நிழலில் அமர்ந்தபோது, எங்கள் எல்லோரையும் அடக்கி ஆண்டவர்கள் ஒருவரே என்ற எண்ணம் எழுந்தது. துன்பத்திலே பங்காளிகளாய் இருந்தவர்கள் பின்னர் ஏன் பகையாளிகளானோம்?

அங்கிருந்து ஆற்றைக் கடந்து பழைய தெருவொன்றுக்குச் சென்றோம். பொற்கொல்லர் தெரு என்பது அதன் பெயரின் பொருள். சில அடி தூரத்துக்குள்ளே மூன்று வழிபாட்டிடங்கள் அங்கே உள்ளன. ஒன்று 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். கிளிங் என்பது கலிங்கம் என்னும் பெயரின் வழிவந்து, தென்னிந்தியக் கரையிலிருந்து சென்ற வணிகரைக் குறித்த பழஞ்சொல். இன்று அச்சொல்லை அந்நாட்டுத் தமிழர் இழிவாகக் கருதுவர். கூம்பிய மூன்றடுக்குக் கூரையும், சீனக் கோபுரம் போன்ற மினாராவும் உடைய அப்பள்ளியிலே நாங்கள் லுஹர் தொழுதோம். இன்னொன்று 1781இல் அமைந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். பாண்டிருப்பு நண்பரும் ஹட்டன் நண்பரும் அங்கே சென்றனர். மற்றொன்று பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். சிங்கள நண்பர்கள் அங்கே ஊதுவத்தி ஏற்றினர். அரைமணி நேரத்தில் எல்லோரும் ஒரே மரநிழலிற் கூடிவிட்டோம். எவரும் எவருக்காகவும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மலாக்காவிலே செட்டி மக்கள் என்றொரு சிறு சமூகம் உண்டு. சுல்தான்கள் காலத்திலே தமிழகத்திலிருந்து சென்று, அந்நாட்டுப் பெண்களை மணந்து, தலைமுறை பல கடந்தவர்கள். வீட்டிற் பேசும் மொழி மலாய், தமிழ் மறந்துவிட்டது. ஆனால் பொங்கலை மறக்கவில்லை, மாரியம்மனை மறக்கவில்லை, தம் முன்னோர் எவரென்பதை மறக்கவில்லை. மொழியை இழந்தும் உறவை இழக்காதவர்கள் அவர்கள். மொழியை இழக்காமலே உறவை இழந்து நிற்பவர்கள் நாங்கள்.

சாரனும் தொதலும்

துணிக்கடை ஒன்றிலே கட்டமிட்ட சாரன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நெசவாளர் ஊரிற் பிறந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்றை விரித்து நூலையும் கட்டத்தையும் பார்த்தேன். இத்துணிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ‘காயின் பெலேகாட்’ என்றார் கடைக்காரர். பெலேகாட் என்பது வேறன்று. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. ஒல்லாந்தர் காலத்தில் அத்துறையிலிருந்து கப்பலேறிய கட்டத்துணி, துறைமுகத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு மலாய் மக்களின் இடுப்பில் நிலைத்துவிட்டது. நாம் உடுத்தும் சாரனோ ‘சாரோங்’ என்னும் மலாய்ச் சொல். துணியின் பெயர் தமிழ்க் கரையிலிருந்து அங்கே சென்றது. உடையின் பெயர் அங்கிருந்து இங்கே வந்தது. மருதமுனைத் தறியில் என் முன்னோர் நெய்தது இரு கடல்களுக்கும் பொதுவான பொருள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சொற்களின் போக்குவரவு அத்துடன் நிற்கவில்லை. நம் கப்பல் அவர்களுக்குக் கப்பால். கடை அவர்களுக்குக் கெடாய். வணிகத்துக்கு இடும் முதல் அவர்களுக்கு மோடால். தெருவோரத்தில் விற்ற இனிப்பை வாயிலிட்டதும் பதினால்வரும் ஒரே குரலிற் கூவினோம். அது தொதல்! மலாய் மொழியில் டோடோல், சிங்களத்தில் தொதொல், தமிழில் தொதல். அச்சாறும் சம்பலும் அவ்வாறே. எவருடைய பண்டம் எது என்று வழக்குத் தொடுத்தால் நீதிபதிக்குத்தான் திண்டாட்டம்.

எங்களுடன் அம்பாந்தோட்டையைச் சேர்ந்த மலாய் மாணவி ஒருவர் வந்திருந்தார். ஒல்லாந்தர் சாவகத்திலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் இலங்கைக்குக் கொணர்ந்த போர்வீரரின் வழித்தோன்றல். 1869ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் இதழ் வெளிவந்த வரலாறு உடைய சமூகம் அவருடையது. தாய்நாட்டு மொழியில் விலை பேசலாம் என்று அவர் மகிழ்ச்சியோடு வாய் திறந்தார். கடைக்காரப் பெண்மணி வியந்து, “சொல் எங்களுடையது, பிள்ளாய், வரிசை எங்கேயிருந்து வந்தது?” என்றார். இலங்கை மலாய் மொழி தமிழோடு பழகிப் பழகித் தமிழைப்போலவே வினையை ஈற்றில் வைக்கும்; உருபுகளைப் பெயரின் பின்னே ஒட்டும். அம்மாணவி சற்று வாடினார். பின்னர், “அப்படியானால் நான் இலங்கைக்காரிதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

மாலையாகும்போது அனைவர் நாவிலும் ஒரு சொல்லே நின்றது: மச்சான். சிங்கள நண்பர் மச்சாங் என்பார். யாழ்ப்பாணத்தார் மச்சான் என்பார். கிழக்கு முஸ்லிமும் அதையே சொல்வார். மூன்று சமூகத்து இளைஞருக்கும் தோழமையைக் குறிக்கும் சொல் ஒன்றாகவே இருக்கிறது. சொல் முந்திச் சென்று காத்திருக்கிறது. நாம்தான் இன்னும் சென்று சேரவில்லை.

அக்கரையின் அலை

திரும்புமுன் கடலோரத்தில் அமர்ந்தோம். எதிரே மலாக்கா நீரிணை. அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாமற் சுமத்திரா. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது அத்தீவின் மறுகரையிலே. தீவே அரணாக நின்றதால் மலாக்காவுக்குச் சேதமில்லை. அலை மேற்கே விரைந்து வந்து எங்கள் கரையில் மோதியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர்ப்பெயர் கேட்டு வரவில்லை.

பாண்டிருப்பு நண்பர் தாமாகவே பேசினார்.

“எனக்கு அப்ப ஒன்பது வயது, மச்சான். அம்மா என்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடினா. எந்தப் பக்கம் எண்டு பார்க்கயில்ல. அண்டைக்கு ராவு எங்களை வைச்சிருந்தது மருதமுனையில ஒரு வீடு. அந்த உம்மா என்ர நனைஞ்ச உடுப்பைக் கழட்டிப்போட்டு ஒரு சாரனைச் சுத்திவிட்டா. பேர் கேட்க மறந்துபோனம். சாரன் இன்னும் எங்கட பெட்டிக்குள்ள கிடக்கு. திருப்பிக் குடுக்க வேணும் எண்டு அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறா. ஆரிட்டக் குடுக்கிறது?”

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டிலும் அன்றிரவு முகமறியாத குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்கள் எவ்வூரார் என்று நாங்கள் கேட்கவில்லை. விடிந்த பின் அவரவர் தத்தம் இறந்தவரைத் தேடிப் போயினர். பன்னிரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும், இதைச் சொல்லவும் கேட்கவும் எங்களுக்கு மலாக்காவின் கடற்கரை வேண்டியிருந்தது.

அடுத்த விடுமுறையில் ஊர் சென்றபோது இருவரும் அச்சாரனை எடுத்துக்கொண்டு மருதமுனையின் ஒழுங்கைகளிலே நடந்தோம். வீடு வீடாகக் கேட்டோம். “அண்டைக்கு ராவு ஆர்ர ஊட்டிலதான் ஆக்கள் இருக்கயில்ல?” என்றார் ஒரு மூதாட்டி. கதவைத் திறந்த ஒவ்வொருவரும் அதே பதிலையே கூறினர். உரியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா வீடும் உரிய வீடாகவே இருந்தது. சாரன் மறுபடியும் பாண்டிருப்புக்கே சென்றது. இம்முறை அதனுடன் என் உம்மா கொடுத்தனுப்பிய தொதலும் சென்றது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

வெளிநாடு செல்லும் மாணவர் சிலரே, செல்லாதவர் பல்லாயிரவர். செல்பவர்க்கு வாய்க்கும் இந்த அறிமுகம் செல்லாதவர்க்கு ஏன் வாய்க்கலாகாது? போரினால் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கல்வியைத் தொடர முடியாது தவித்த மாணவர்க்காக 1995ஆம் ஆண்டில் தொடங்கி, மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலே நிற்கிறது. அதன் தோற்றத்துக்கு உழைத்தவர் சம்மாந்துறையிற் பிறந்த எம். எச். எம். அஷ்ரப். இன்று அங்கே தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சிங்கள மாணவர் வந்து பயில்கின்றனர். அவர்கள் நம் கரைக்கு வந்த விருந்தினர். விடுதியும் வகுப்பும் தவிர நம் ஊரில் அவர்கள் எதைக் கண்டனர்?

ஒரு சனிக்கிழமை போதும். ஒரு வான் போதும். மருதமுனையிலே ஒரு தறியின் முன் அமர்ந்து பாவும் ஊடையும் எங்ஙனம் சேர்கின்றன என்று பார்க்கட்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் முன்றிலில் பாரதக் கதை ஒரு கடற்கரை ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்கட்டும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் பெயரால் ஏறும் கொடியின் வரலாற்றை அறியட்டும். காரைதீவிலே விபுலாநந்தர் பிறந்த மண்ணை மிதிக்கட்டும். மாலையில் தீகவாபித் தூபியின் அடியில் அமரட்டும். ஒரே நாளில் கண்டு திரும்பத்தக்க தொலைவிலேயே இவையனைத்தும் உள்ளன. கடவுச்சீட்டு வேண்டாம், வான்பயணச் சீட்டு வேண்டாம்.

ஒன்று மட்டும் வேண்டும். மூன்று பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்து, இருக்கைகளைக் கலந்து அமர்த்துகின்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும். மற்றதைப் பைலாத் தாளமும் தொதலும் பார்த்துக்கொள்ளும்.